1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பெயர் மாற்றியதுதான் நம் அரசமைப்பா?

தேர்வுக்குப் படிப்பவள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். குரூப் 1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தையும் நம் அரசமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனம் கலங்கிவிட்டது. அதில் மத்திக்கும் மாகாணத்துக்கும் அதிகாரத்தைப் பிரிக்கும் மூன்று பட்டியல்கள், இதிலும் மூன்று பட்டியல்கள். அதில் 93வது பிரிவின்படி ஆளுநர் மாகாண ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொள்ளலாம். இதில் 356வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் எடுத்துக்கொள்ளலாம். பல இடங்களில் சொற்கள்கூட அப்படியே இருக்கின்றன.

நம்மை அடிமையாக வைத்திருந்தவர்கள் எழுதியதையா படியெடுத்தோம்? அந்நிய ஆட்சி போய்க் கூட்டாட்சி வந்தது என்கிறோமே, அது எந்த நாளில், யார் கையிலிருந்து யார் கைக்கு, எப்படி வந்தது? "1947 ஆகஸ்ட் 15" என்று ஒரு வரியில் முடித்துவிடாமல் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

வைகைக்கரையான் எழுதியது:

படியெடுத்தோம் என்பது உண்மைதான். இதில் கலங்கவோ மறைக்கவோ ஒன்றுமில்லை. மாகாணங்களை ஒரு பிடிக்குள் வைத்திருக்க வெள்ளையர் செய்த கடிவாளம் அது. குதிரையில் ஏறியவர் மாறினார், கடிவாளம் மாறவில்லை. பிற்காலத்தில் ஆட்சிக் கலைப்புகளைப் பார்த்த தமிழ்நாட்டுக்காரன் யாரும் இதைத்தான் சொல்வான்.

---

கறுப்பு அங்கி எழுதியது:

தங்கையே, கேள்வி நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகளாக வழக்காடுகிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

கடலை எண்ணெயிலிருந்து தொடங்குகிறேன்.

1937இல் ராஜாஜி தலைமையில் சென்னை மாகாணத்தில் அமைச்சரவை அமைந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. கள், சாராய வருமானம் போனால் மாகாணக் கஜானாவில் ஓட்டை விழும். அதை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லாச் சரக்குக்குமான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்டது சென்னை மாகாணம்தான். எப்படி முடிந்தது? 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாகாணப் பட்டியலில் "சரக்கு விற்பனை மீதான வரி" என்று ஓர் இனம் இருந்தது.

உடனே வழக்கு வந்தது. கடலை எண்ணெயும் பிண்ணாக்கும் ஆட்டி விற்ற ஒரு வணிக நிறுவனம், "செக்கிலிருந்து இறங்கிய எண்ணெயை உற்பத்தி செய்தவனே முதலில் விற்கும்போது வாங்குகிற வரி, உண்மையில் உற்பத்தி வரி. உற்பத்தி வரி மத்திய அரசுக்கு உரியது. மாகாணம் எப்படி வாங்கலாம்?" என்று கேட்டது. வழக்கு தில்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 1942இல் தீர்ப்பு வந்தது: பொருளை உண்டாக்குவதற்காக விதிப்பது உற்பத்தி வரி; விற்பதற்காக விதிப்பது விற்பனை வரி; இரண்டையும் கட்டுகிறவர் ஒரே ஆளாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. மாகாணம் வென்றது. விவகாரம் 1945இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கும் மாகாணமே வென்றது.

இந்த வழக்கு நடந்த காலத்தை யோசித்துப் பாருங்கள். நாடு அடிமை நாடு. 1939 அக்டோபர் இறுதியில் அமைச்சரவை ராஜினாமா செய்துவிட்டது. நீங்கள் குறிப்பிட்ட அதே 93வது பிரிவின்படி சென்னையை ஆளுநர் ஆண்டுகொண்டிருந்தார். 1946 ஏப்ரல் இறுதி வரை ஆறரை ஆண்டு அப்படித்தான் போனது. ஆனாலும் "இது உன் பங்கு, இது என் பங்கு" என்று மத்தியும் மாகாணமும் நீதிமன்றத்தில் நின்று வாதாடின. கூட்டாட்சி என்ற பழக்கம் 1950 ஜனவரியில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அதற்கு முன்பே எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் சண்டை போட்டுப் பழகியிருந்தோம். அந்தப் பழக்கத்தைத்தான் அரசமைப்பு எடுத்துக்கொண்டது. மாநிலப் பட்டியலின் 54வது இனத்தில் விற்பனை வரி வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

---

கணக்கப்பிள்ளை பேரன் எழுதியது:

கறுப்பு அங்கி ஐயா சொன்னதற்கு இன்னும் பதினேழு ஆண்டு முன்னால் போக வேண்டும் என்று நினைக்கிறேன். கூட்டாட்சியின் விதை பணத் தகராறில் இருக்கிறது.

1919ஆம் ஆண்டுச் சட்டம் இரட்டையாட்சி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கல்வி, பொதுச் சுகாதாரம், உள்ளாட்சி, கலால் ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலிருந்து வந்த அமைச்சர்கள் கையில். போலீஸ், நிலவரி, நிதி ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழு கையில். 1920 டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் நீதிக்கட்சி அமைச்சரவை வந்தது. சில மாதங்களில் பனகல் அரசர் தலைமைக்கு வந்தார். பள்ளிக்கூடம் திறக்க அமைச்சர் ஆசைப்படலாம். பணப்பெட்டியின் சாவி இன்னொருவர் இடுப்பில் இருந்தது.

அந்தப் பெட்டியிலும் எவ்வளவு மிச்சம்? வருவாய் இனங்களை மத்திக்கும் மாகாணத்துக்கும் பிரித்தபோது மத்திக்குத் துண்டு விழுந்தது. அதை ஈடுகட்ட மாகாணங்கள் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்று மெஸ்டன் குழு 1920இல் வகுத்தது. மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதில் சென்னையின் பங்கு 348 லட்சம்! ஐக்கிய மாகாணம் 240, பஞ்சாப் 175, பர்மா 64, வங்காளம் 63, பம்பாய் 56 லட்சம். பீகாரும் ஒரிசாவும் சேர்ந்த மாகாணத்துக்கு ஒன்றுமில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சுமை சென்னையின் தலையில். பெரிய துறைமுகமும் ஆலைகளும் கொண்ட பம்பாய் கட்டியதைப் போல ஆறு மடங்கு.

சென்னைச் சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி இதை எதிர்த்தார்கள். 1920களின் இறுதிக்குள் அந்தக் கப்பம் ஒழிந்தது. இன்று நிதிக்குழு வரும்போதெல்லாம் நம் ஊரில் எழுகிற குரலுக்கு நூறு வயதாகிறது. இதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. ஒருவரும் நமக்குக் கூட்டாட்சியைத் தானமாகக் கொடுக்கவில்லை. கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டு வாங்கினோம்.

---

தேர்வுக்குப் படிப்பவள் எழுதியது:

348 லட்சம் என்ற எண்ணை இதுவரை எங்கும் படித்ததில்லை. நன்றி ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். 1935ஆம் ஆண்டுச் சட்டம் "அகில இந்தியக் கூட்டாட்சி" என்று சொன்னதே, அது என்ன ஆயிற்று?

---

கறுப்பு அங்கி எழுதியது:

அந்தப் பாகம் நடைமுறைக்கே வரவில்லை. சமஸ்தான மக்கள்தொகையில் பாதிக்குக் குறையாத பங்கை உடைய மன்னர்கள் சேர்ந்தால்தான் அது உயிர்பெறும் என்று சட்டம் நிபந்தனை வைத்தது. மன்னர்கள் பேரம் பேசினார்கள், தயங்கினார்கள். 1939 செப்டம்பரில் போர் வந்தது. பேச்சு கிடப்பில் போடப்பட்டது. ஆக, மாகாணத்தில் 1935ஆம் ஆண்டு ஏற்பாடு, மத்தியில் 1919ஆம் ஆண்டு ஏற்பாடு என்று 1947 வரை வண்டி ஓடியது. கூரை போடாத வீடு.

---

திருமயம் பேத்தி எழுதியது:

மன்னர்கள் என்றதும் எழுதத் தோன்றியது.

எங்கள் ஆத்தா வெற்றிலைப் பெட்டிக்குள் சின்னதாக ஒரு செப்புக் காசு வைத்திருந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் "விஜய" என்ற எழுத்து. தேய்ந்து தேய்ந்து விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். புதுக்கோட்டை அம்மன் காசு. நவராத்திரியில் அரண்மனை கொடுக்கிற அரிசியோடு வரும் காசு என்பார். அதே பெட்டியில் 1947 என்று போட்ட ஒரு ரூபாயும் இருந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் புலி. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் இரண்டு அரசுகள் ஒரே கையில் இருக்கும்.

சுற்றிலும் பிரிட்டிஷ் மாவட்டங்கள். நடுவில் தொண்டைமான் சீமை. ஆத்தா பிறந்த ஊர் சமஸ்தானம், வாழ்க்கைப்பட்ட ஊர் "கும்பினி சீமை" என்று சொல்வார். 1947இல் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்தது. அந்த இணைப்பு ஒப்பந்தங்கள் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று துறைகளுக்கு மட்டும்தான். மீதி அதிகாரம் மன்னரிடமே. 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானமே சென்னை மாகாணத்தோடு கலந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. மன்னர் ராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியைக் கொடுத்தார். அவருடைய புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். பட்டா மாற்றத்துக்காக அங்கே வரிசையில் நின்றிருக்கிறேன்.

560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு வெற்றிலைப் பெட்டி இருந்திருக்கும். சகோதரி கேட்ட "எந்த நாளில்" என்ற கேள்விக்கு எங்கள் ஆத்தாவின் பதில் ஆகஸ்ட் 15 அல்ல, மார்ச் 3.

---

நாஞ்சில் மரபு எழுதியது:

எங்களுக்கு இன்னும் வேறு. திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவர் மீது தாக்குதல் நடந்தது. சில நாட்களில் மகாராஜா இணைப்புக்குச் சம்மதித்தார். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்கள் உண்டு. ஆகவே நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு நாள் நவம்பர் 1.

---

வைகைக்கரையான் எழுதியது:

எல்லோரும் அருமையாக எழுதுகிறீர்கள். ஆனால் என் குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. மாகாணங்கள் வாதாடிப் பழகின என்றே வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் 1950இல் இவ்வளவு வலுவான மத்தி? எந்தப் பட்டியலிலும் இல்லாத எஞ்சிய அதிகாரம் மத்திக்கு. ஆளுநரை அனுப்புவது மத்தி. 3வது பிரிவின்படி நாடாளுமன்றம் மாநிலத்தின் எல்லையை, பெயரை மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 97 இனங்கள் ஒன்றியப் பட்டியலில், 66 மாநிலப் பட்டியலில், 47 பொதுப் பட்டியலில். பொதுப் பட்டியலில் மோதல் வந்தால் பெரும்பாலும் மத்தியின் சட்டமே நிற்கும். இதைக் கூட்டாட்சி என்று எந்த வாயால் சொல்வது?

---

கறுப்பு அங்கி எழுதியது:

கோபம் நியாயமானது. ஆனால் "வெள்ளையரின் கடிவாளம்" என்று சொல்லிவிட்டால் உண்மையான காரணம் தப்பிவிடுகிறது.

1946 மே 16 அன்று பிரிட்டிஷ் அரசு அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழு வெளியிட்ட திட்டத்தைப் பாருங்கள். மத்திக்கு மூன்றே துறைகள்: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. எஞ்சிய அதிகாரம் முழுவதும் மாகாணங்களுக்கு! நாடு பிரியாமல் இருக்க வேண்டும், முஸ்லிம் லீக்கை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியபோது லீக் வரவில்லை. நேரு முன்மொழிந்து 1947 ஜனவரி 22 அன்று நிறைவேறிய குறிக்கோள் தீர்மானத்தில்கூட, எஞ்சிய அதிகாரம் ஒன்றியத்தின் அங்கங்களாகிய பகுதிகளுக்கே என்று இருக்கிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள்.

பிறகு 1947 ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் வந்தது. ஒரே மாதத்தில் எல்லாம் தலைகீழானது. பிரிவினை முடிவாகிவிட்ட பிறகு பலவீனமான மத்தி நாட்டுக்குக் கேடு என்று நேரு தலைமையிலான ஒன்றிய அதிகாரக் குழு ஜூலைத் தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் ரத்தம் ஓடுகிறது, அகதி ரயில்கள் வருகின்றன, தானியம் இல்லை, ஐதராபாத்தும் காஷ்மீரும் தீர்மானமாகவில்லை. அந்தச் சூழலில் அமர்ந்து எழுதிய ஆவணம் நம் அரசமைப்பு. மத்தியின் வலுவுக்குத் தாய் 1935ஆம் ஆண்டு என்றால், 1947இன் அச்சம் அதன் செவிலித்தாய். அந்த அச்சம் அன்று நியாயமாக இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். அது தணிந்த பிறகும் அதே ஏற்பாடு நீடித்ததுதான் நமக்கு நேர்ந்த குறை.

ஆளுநரைப் பற்றி ஒன்று. மாகாண ஆளுநரை வயதுவந்த மக்கள் அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் 1947இல் சபை முடிவு செய்திருந்தது! 1949 மே இறுதியில் அந்த முடிவைத் திருப்பி, குடியரசுத் தலைவர் நியமிப்பது என்று ஆக்கினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரும் ஒரே மாகாணத்தில் மோதிக்கொள்வார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. மோதல் வேறு வடிவத்தில் வந்து நிற்பதை நாம் பார்க்கிறோம்.

356 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 93வது பிரிவில் ஆளுநர் தன் விருப்பப்படி செயல்பட்டு லண்டனுக்குப் பதில் சொன்னார். 356இல் இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும். அந்தப் பிரிவு ஏட்டில் உறங்கும் எழுத்தாகவே இருக்கும் என்று அம்பேத்கர் 1949 ஆகஸ்டில் சபையில் நம்பிக்கை தெரிவித்தார். காமத், குன்ஸ்ரு போன்ற சபை உறுப்பினர்கள் அப்போதே ஐயம் எழுப்பினார்கள். தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை அது விழித்தது. 1994இல், கர்நாடக முன்னாள் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளத்துக்கே ஒரு கடிவாளம் போட்டது: பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும், கலைப்பு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது.

---

வைகைக்கரையான் எழுதியது:

ஆளுநர் தேர்தல் செய்தி எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த சபை யாருடைய சபை? 1946இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தச் சட்டமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்கள். என் தாத்தா போன்ற கூலிக்காரருக்கு அதில் ஓட்டே கிடையாது.

---

சாவடி வாத்தியார் எழுதியது:

தம்பி, அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்து ஒன்பது தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி செய்தவன் நான்.

நீங்கள் சொல்வது சரி. 1937 தேர்தலில் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்கள் எல்லாம் சேர்ந்து வாக்காளர் ஏறத்தாழ 3 கோடி. 1951-52 தேர்தலில் 17 கோடியே 30 லட்சம். நடுவில் இருப்பது வெறும் 15 ஆண்டு! அந்த சபை உங்கள் தாத்தாவின் ஓட்டில் வரவில்லை. ஆனால் உங்கள் தாத்தாவுக்கு ஓட்டைக் கொடுத்துவிட்டுத்தான் கலைந்தது. 326வது பிரிவு. சொத்துக் கேட்கவில்லை, எழுத்து தெரியுமா என்று கேட்கவில்லை, ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. அன்று 21 வயது நிரம்பினால் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வாக்காளர் பட்டியல் வேலை அரசமைப்பு நிறைவேறுவதற்கு முன்பே, 1948இலேயே தொடங்கிவிட்டது. வீடுவீடாகப் போனார்கள். வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தார்கள்: "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்". அப்படிப் பதிய முடியாது, சொந்தப் பெயர் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. பெயர் தராததால் ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் முதல் தேர்தலில் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். கடுமையான முடிவு, இப்போது நினைத்தாலும் வலிக்கிறது. ஆனாலும் ஓர் அரசு ஒரு பெண்ணின் வாசலில் நின்று "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டது இந்த நாட்டில் அதற்கு முன் எப்போது நடந்தது?

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து இதைப் படியெடுத்தார்கள்? சொல்லுங்கள்.

---

வைகைக்கரையான் எழுதியது:

பதில் இல்லை ஐயா. வணங்குகிறேன்.

---

தேர்வுக்குப் படிப்பவள் எழுதியது:

படிக்கப் படிக்கக் கண் கலங்குகிறது. கடைசியாக ஒரு கேள்வி. சட்டப்படி லண்டனின் பிடி எப்போது அறுந்தது? 1947 ஆகஸ்டிலா, 1950 ஜனவரியிலா?

---

கறுப்பு அங்கி எழுதியது:

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா டொமினியன் ஆனது, அதாவது பிரிட்டிஷ் அரசரையே தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு. அரசர் ஆறாம் ஜார்ஜ்தான். தலைமை ஆளுநர் மவுண்ட்பேட்டன். 1948 ஜூன் 21 முதல் ராஜாஜி. நாடு நடந்ததும் திருத்தப்பட்ட 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். 1949 அக்டோபர் வரை பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு இருந்தது. அரசியல் நிர்ணய சபையே சட்டமன்றமாகவும் இருந்தது. ஒரு வேளை அரசமைப்பு, மறு வேளை அன்றாடச் சட்டம். 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பை ஏற்றார்கள். 395 பிரிவுகள், 8 அட்டவணைகள். 1950 ஜனவரி 24 அன்று கையொப்பமிட்டவர்கள் 284 பேர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற அம்மு சுவாமிநாதன், தாக்ஷாயணி வேலாயுதன், துர்காபாய் மூவரும் அந்த சபையின் உறுப்பினர்கள்.

இப்போது புத்தகத்தின் கடைசிப் பிரிவைத் திறங்கள். 395. இரண்டே வரி. 1947ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டமும் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமும் நீக்கப்படுகின்றன என்கிறது. விடுதலைச் சட்டம் யார் இயற்றியது? பிரிட்டிஷ் நாடாளுமன்றம். அந்தச் சட்டத்தின் கீழ் அதிகாரம் பெற்ற சபை, அந்தச் சட்டத்தையே நீக்கியது. அரசரின் ஒப்புதலுக்கு அரசமைப்பை அனுப்பவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் அரசமைப்பு 1900இல் லண்டனில் நிறைவேறிய சட்டம். கனடா தன் அரசமைப்பைத் தானே திருத்தும் முழு உரிமையை 1982இல்தான் பெற்றது. நாம் முகவுரையில் "மக்களாகிய நாம்" என்று தொடங்கி, 395இல் கொடுத்த கையின் பத்திரத்தைக் கிழித்துவிட்டோம்.

நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரண்டு புத்தகங்களில், ஒன்றின் உயிரை மற்றொன்று எடுத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கடன் வாங்கியதை அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று சபையில் வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாக இருப்பதே தம் வருத்தம் என்றார்.

---

திருமயம் பேத்தி எழுதியது:

ஐயா, 395ஐ இப்போதுதான் எடுத்துப் படித்தேன். அந்தப் பிரிவிலேயே ஒரு விலக்கு இருக்கிறதே? "பிரிவி கவுன்சில் அதிகார ஒழிப்புச் சட்டம், 1949 தவிர" என்று?

---

கறுப்பு அங்கி எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள் அம்மா. அந்த ஒழிப்புச் சட்டம் நம் சபை இயற்றியது. மேல்முறையீடு லண்டனுக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதற்காக அதை மட்டும் விட்டுவைத்தார்கள். மற்றப் பழைய சட்டங்கள் 372வது பிரிவின்படி தொடர்ந்தன. 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் 2024 ஜூன் வரை நீதிமன்றத்தில் என் மேசைமேல் இருந்தது.

---

தேர்வுக்குப் படிப்பவள் எழுதியது:

1949 மே மாத விவாதங்களை, ஆளுநர் தேர்தலைக் கைவிட்ட அந்த இரண்டு நாட்களை, இன்று இரவு உட்கார்ந்து முழுவதும் படிக்கப் போகிறேன். திருமயம் அக்கா, அந்தக் காசு இப்போது யாரிடம் இருக்கிறது?

---

திருமயம் பேத்தி எழுதியது:

என் மகளிடம். புலி போட்ட ரூபாயை என் தம்பி எடுத்துக்கொண்டான்.